கரண்ட் பிடிக்கப் போன கதை

எண்பத்துமூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரம் நடந்த அடுத்த வருடம் எனக்கு இடது மார்பை எடுத்தார்கள். யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரியில்தான் எடுத்தது. அப்போது எனக்கு முப்பத்தாறு வயது, மகளுக்கு ஏழு. புங்குடுதீவில் மடத்துவெளிப் பக்கம் எங்கள் வீடு. நான் வீட்டில் வைத்துப் பெண்களுக்குச் சட்டை தைத்துக் கொடுக்கிறவள். ஊரில் பாதிப் பெண்களின் நெஞ்சளவு எனக்கு மனப்பாடம். யாருக்கு ஒரு பக்கம் சிறிது, யாருக்குப் பிள்ளை பெற்ற பிறகு இறங்கிவிட்டது, யார் உள்ளே பஞ்சு வைத்துத் தைக்கச் சொல்லிக் காதுக்குள் கேட்டவ, எல்லாம் தெரியும். ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. இத்தனை பேரை அளந்த விரல்தான் ஒருநாள் கிணற்றடியில் என்னுடைய கட்டியையும் கண்டுபிடித்தது.

ஒப்பரேஷனுக்கு நான் அவ்வளவாகப் பயப்படவில்லை. இதைச் சொன்னால் ஒருவரும் நம்புவதில்லை. கத்தரிக்கோலோடு சீவிக்கிறவளுக்குக் கத்தி என்றால் விளங்கும். வெட்டுவார்கள், பிறகு தைப்பார்கள். காயம் ஆறத் தொடங்கியதும் தையலைக் கண்ணாடியில் பார்த்தேன். மோசமில்லை, கக்கத்துப் பக்கமாகக் கொஞ்சம் சுருக்கு விழுந்திருந்தது. பார்த்துவிட்டு அழுதேன். அழுதுகொண்டே அந்தச் சுருக்கு ஏன் விழுந்தது என்றும் யோசித்தேன். இந்த இரண்டும் ஒரே நேரத்தில் என்னிடம் நடக்கும். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

உண்மையான பயம் வந்தது அதற்குப் பிறகு. தையல் வெட்டின அன்று டொக்டர் சொன்னார், “காயம் நல்லா ஆறினாப் பிறகு கொழும்புக்குப் போய்க் கதிர்ச் சிகிச்சை எடுக்கவேணும். மிச்சம் ஏதும் உள்ளுக்கை கிடந்தால் அதைக் கருக்கிப்போடும்.”

“நோகுமோ, டொக்டர்?”

“நோகாது. படுத்துக் கிடந்தால் சரி. உமக்குத் தெரியவும் மாட்டுது.”

அவர் ஆறுதலுக்குத்தான் சொன்னார். பஸ் பண்ணைப் பாலத்தில் ஏறினபோது அந்தச் சொல் எனக்குள் திரும்பத் திரும்ப வந்தது. எனக்குத் தெரியாமல் ஒன்று எனக்குள் நுழையும், கருக்கும், வெளியே போகும். கத்தியென்றால் காணலாம். இதைக் காண ஏலாது, மணக்காது, சத்தமும் இல்லை. அப்படி ஒன்றுக்கு எப்படித் தயாராவது? வேலணை தாண்டித் தாம்போதியில் போகும்போது இரண்டு பக்கமும் கடல் வெயிலில் பளபளத்துக்கொண்டு கிடந்தது. அன்றைக்கு அந்த வெளிச்சத்தைப் பார்க்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

ஊருக்குள் கதை வேறு மாதிரிப் போனது. கதிர்ச் சிகிச்சை என்ற சொல் அப்போது ஒருவர் வாயிலும் இல்லை. கரண்ட் பிடிக்கிறது என்றுதான் சொல்வார்கள். எங்கள் பக்கத்தில் கரண்ட் பிடிக்கிறது என்றால் ஒரே அர்த்தம், மூளை பிசகினவர்களுக்குத் தலைக்குக் கொடுப்பது. ஆகவே எனக்கு மார்பை எடுத்த கவலையில் விசர் பிடித்துவிட்டது, கொழும்பில் கரண்ட் பிடிக்கக் கொண்டுபோகிறார்கள் என்று கதை சுற்றியது.

கலியாணத்துக்குச் சட்டை தைக்கவென்று பட்டுத் துணி தந்திருந்த ஒரு அக்கா வந்தா. கதிரையின் நுனியில் இருந்தா. என்னைப் பார்க்காமல் மேசையில் கிடந்த கத்தரிக்கோலைப் பார்த்துக்கொண்டு கதைத்தா.

“அவசரமில்லைப் பிள்ளை. நீ சுகமாகி வா. துணியை இப்ப நான் கொண்டுபோறன்.”

“அக்கா, எனக்கு விசரில்லை. புற்றுநோய். அதுக்குத்தான் போறன்.”

அவ ஒரு பெருமூச்சு விட்டா. முகத்தில் ஒரு நிம்மதி வந்தது. அடுத்த நிமிடம் அந்த நிம்மதி போய், கதிரையில் கையை வைக்கலாமா விடலாமா என்று யோசிக்கிற முகம் வந்தது. துணியைக் கொண்டுதான் போனா. எனக்குக் கோபம் வரவில்லை. ஒரு பயம் இறங்கி அடுத்த பயம் ஏறுவதை ஒரு முகத்தில் அவ்வளவு கிட்டத்தில் நான் அதற்கு முன் பார்த்ததில்லை. என் முகமும் இப்படித்தான் இருக்குமோ என்று உள்ளே போய்க் கண்ணாடியைப் பார்த்தேன்.

என்னைப் பெற்ற ஐயா உயிரோடிருந்த காலத்தில் பேப்பர் வாசிக்க வைத்திருந்த பூதக்கண்ணாடி ஒன்று அலுமாரிக்குள் கிடந்தது. ஒருநாள் மத்தியானம் அதை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனேன். வெட்டுத்துணி ஒன்றைக் கல்லில் விரித்து வெயிலைக் கண்ணாடிக்குள்ளால் பிடித்தேன். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு சின்னப் புள்ளி கறுத்தது, ஒரு நூல் புகை வந்தது, ஓட்டை விழுந்தது. பக்கத்தில் இருந்த துணிக்கு ஒரு சேதமும் இல்லை. இன்னொரு ஓட்டை போட்டேன். பிறகு இன்னொன்று.

என் மனுசன் ஆட்டுக்குக் குழை கட்டிவிட்டு வந்து பின்னால் நின்றார்.

“என்ன செய்யிறீர்?”

“கதிர் என்ன செய்யுமெண்டு பாக்கிறன்.”

“பாத்து?”

“பாத்ததாலை இன்னும் பயமாக் கிடக்கு.”

அவர் குந்தி இருந்து அந்த ஓட்டைகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். நெருப்பைப் பற்றி அவருக்கு என்னைவிடக் கூடத் தெரியும். கொழும்பில் அவருக்கு ஒரு பலசரக்குக் கடை இருந்தது. ஆடிக் கலவரத்தில் எரித்துவிட்டார்கள். பக்கத்து வீட்டுச் சிங்கள மனிதர் ஒருவர் இவரைத் தன் வீட்டுப் பரணில் ஏற்றி ஒளித்து வைத்திருந்து, பிறகு அகதி முகாமில் கொண்டுபோய் விட்டார். கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து இறங்கியபோது இவரிடம் போட்டிருந்த சேட்டைத் தவிர ஒன்றும் இல்லை. அதன்பிறகு கொழும்பு என்ற சொல்லையே அவர் சொன்னதில்லை. பஸ் ஒன்று தெருவில் சடாரென்று பிறேக் பிடித்தால் தலை தானாகத் திரும்பும்.

அன்று பின்னேரம் நான் சொன்னேன், “நீங்கள் வரத் தேவையில்லை. அண்ணையைக் கூட்டிக்கொண்டு போறன்.”

“கொண்ணைக்குச் சிங்களம் தெரியாது.”

“நீங்களும் இப்ப சிங்களம் கதைக்கிறேல்லையே.”

“கதைச்சால் வரும்.”

“உங்களுக்குப் பயமெண்டால் வேண்டாம்.”

“பயந்தான்,” என்றார். “உமக்கும்தானே பயம். நீர் போகாமல் விடுவீரோ?”

மகளை அம்மாவிடம் விட்டோம். அம்மா நயினாதீவு அம்மனுக்கு நேர்த்தி வைத்து, நூல் ஒன்று கொண்டுவந்து என் கையில் கட்டிவிட்டா. யாழ்ப்பாணம் ஸ்டேசனில் காலைக் கோச்சியில் ஏறினோம். வவுனியா கழிந்து சிங்கள ஊர்கள் தொடங்கியதும் இவர் லேஞ்சியை எடுத்து நெற்றித் திருநீற்றைத் துடைத்தார். என்னைத் துடைக்கச் சொல்லவில்லை. நானாகத்தான் பொட்டை அழித்தேன். ஒருவரை ஒருவர் பார்த்தோம். பொட்டில்லாத என் முகம் அவருக்கும், திருநீறில்லாத அவருடைய முகம் எனக்கும் யாரோ பிறத்தியாரின் முகம் போல இருந்திருக்கும். எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரிக்கவில்லை.

கொழும்புக்குக் கொஞ்சம் வெளியே இருந்தது அந்த ஆஸ்பத்திரி. வந்ததும் கரண்ட் பிடிப்பார்கள் என்று நினைத்துத்தான் போனேன். ஆனால் மெசினுக்கு ஆட்கள் நிறைய. முறை வரும்வரை வார்ட்டில் கிடக்கவேண்டும். இவர் பக்கத்தில் தெரிந்த ஒருவரின் வீட்டில் தங்கினார். பார்வையாளர் நேரத்துக்கு வருவார், முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போவார். வேறெங்கும் அடி வைக்கமாட்டார்.

அந்தக் காத்திருப்புத்தான் பொல்லாதது. காயம் ஆறிவிட்டது, நோவில்லை, காய்ச்சலில்லை, சாப்பிடலாம், நடக்கலாம். ஒன்றுமில்லாத உடம்போடு கட்டிலில் இருந்து பயப்படுவதுதான் வேலை. எனக்கு அந்தப் பயம் எங்கே இருக்கிறது என்று பார்க்கத் தோன்றியது. ஒப்பரேஷனுக்கு முதல் நாள் அது வயிற்றில் இருந்தது, எனக்கு நல்ல ஞாபகம். இது வயிற்றில் இல்லை. உள்ளங்காலில் ஒரு குளிரும் வாயில் ஒரு செம்புக் கைப்பும். விடியப் பல் விளக்கும்போது கூடும், சோறு வரும்போது குறையும், பின்னேரம் மற்றப் பெண்களின் பிள்ளைகள் பார்க்க வரும்போது திரும்பவும் கூடும். மகளை நினைத்தால் இன்னொரு கேள்வி. கதிர் என் உடம்புக்குள்ளேயே நின்றுவிட்டால் பிள்ளையைத் தொடலாமா? அதை ஒருவரிடமும் கேட்க எனக்கு வாய் வரவில்லை. பதில் வேறு மாதிரி வந்தால் என்ன செய்வது?

மற்றக் கேள்விகளை எல்லோரிடமும் கேட்டேன். மெசினுக்குள் போய் வருகிறவர்களை மறித்து மறித்துக் கேட்டேன். ஒருத்தி சூடு என்றாள். ஒருத்தி குளிர் என்றாள். ஒருத்தி ஏதோ வாசம் வந்தது என்றாள், என்ன வாசம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. தென்பகுதிக் கடற்கரையிலிருந்து வந்த சிங்களப் பெண் ஒருத்தி எனக்கு எதிர்க் கட்டில். பாதிச் சிகிச்சை முடித்தவள், ஆள் கலகலப்பு. அவளிடம் கேட்க எனக்குப் பாஷை இல்லை. அன்று இவர் வந்தபோது சொன்னேன், “அவவிட்டைக் கேளுங்கோ, உள்ளை என்ன மாதிரி இருக்குமெண்டு.”

இவர் கொஞ்ச நேரம் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு திரும்பி, மெல்லிய குரலில் சிங்களத்தில் கேட்டார். எட்டு ஒன்பது மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் அந்தப் பாஷை அவர் வாயில் வந்தது. அவள் சிரித்துக்கொண்டு நீளமாக ஏதோ சொன்னாள். இவரும் ஏதோ சொன்னார். அவள் எங்கே இருந்து வந்தீர்கள் என்று கேட்டிருக்கவேண்டும், யாழ்ப்பாணம் என்ற சொல் மட்டும் எனக்குப் பிடிபட்டது. அதைச் சொல்லும்போது இவருடைய கழுத்து நரம்பு புடைத்ததைக் கண்டேன். அவள் தலையை ஆட்டிவிட்டு மேசையிலிருந்து ஒரு தோடம்பழத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

“என்னவாம்?” என்று கேட்டேன்.

“ஒண்டுமில்லையாம். கண்ணை மூடித் திறக்க முடிஞ்சுதாம்.”

“அவ்வளவு நேரம் கதைச்சா.”

“மிச்சம் தன்ரை மருமகளைப் பற்றி,” என்றார்.

பக்கத்துக் கட்டிலில் மலைநாட்டுப் பெண் ஒருத்தி. தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுக்கிறவள், என்னைவிடக் கொஞ்சம் இளையவள். அவளுக்கும் ஒரு பக்கம் எடுத்திருந்தது, அவளும் முறைக்குக் காத்திருந்தாள். அவள் ஒருவரிடமும் ஒன்றும் கேட்பதில்லை. நான் கேட்டு வந்து சொல்வதையெல்லாம் போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டு கேட்பாள்.

ஒருநாள் எங்கள் இரண்டு பேரையும் கோடு கீறக் கூப்பிட்டார்கள். அந்த வேலைக்கு இருந்தவர் ஒரு முஸ்லிம் மனிதர், நாற்பது வயது இருக்கும். முஸ்லிம் சனம் தமையனைக் கூப்பிடுகிற மாதிரி வார்ட்டுப் பெண்கள் எல்லோரும் அவரை நானா என்றுதான் கூப்பிடுவார்கள். என்னைப் படுக்க வைத்து, சட்டையைத் திறக்கச் சொன்னார். ஊதா மை தோய்த்த குச்சியால் என் நெஞ்சில் கோடு இழுத்தார். மை குளிர்ந்தது. நான் கூரையைப் பார்க்கவேண்டும் என்றுதான் நினைத்தேன், ஆனால் தலையைத் தூக்கிக் கோட்டைப் பார்த்தேன். என் வாழ்நாள் முழுக்க நான் துணியில் சோக்கால் கோடு கீறியிருக்கிறேன். கீறினால் அடுத்தது என்ன என்று எனக்குத் தெரியும்.

“நானா, இது வெட்டுற கோடோ?”

அவர் குச்சியை நிறுத்தினார். “வெட்டவா? யாரு சொன்ன?”

“ஒருத்தரும் சொல்லேல்லை. நான் தையல்காரி. கோடு கீறினால் வெட்டுறதுதான்.”

அவர் சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. “இல்ல. இது வேலி மாதிரி. இந்தக் கோட்டுக்குள்ள மட்டும்தான் அது படணும். வெளிய பட்டாக் கூடாது. அதுக்குத்தான் கீறுற. குளிக்கக்குள்ள இத அழிச்சிராதீங்க.”

“இன்னுமொண்டு கேக்கலாமோ?”

“கேளுங்க.”

“நோகாது, ஒண்டும் செய்யாது எண்டு எல்லாரும் சொல்லினம். பிறகேன் மெசினைப் போட்டவுடனை நீங்களெல்லாம் வெளியிலை ஓடுறியள்?”

இதைத்தான் நான் வந்த நாளிலிருந்து யோசித்துக்கொண்டிருந்தேன். அவர் குச்சியை மைக்குப்பியில் வைத்தார். “நீங்க கொஞ்ச நாளைக்குத்தான் வாறீங்க, முடிச்சிட்டுப் போயிருவீங்க. நாங்க வருஷக் கணக்கா இங்கதான் நிக்கிற. ஒவ்வொரு ஆளுக்கும் கூட நிண்டா எங்களுக்கு எவ்வளவு படும்? நீங்களே கணக்குப் பாருங்க.”

அது எனக்கு விளங்கியது. அதோடு சேர்த்துப் பிள்ளையைத் தொடலாமா என்றும் கேட்டுவிட்டேன். மெசினை நிறுத்தினால் அதோடு சரி, உடம்பில் ஒன்றும் தங்காது, மடியில் வைத்துக்கொள்ளலாம் என்றார். அதற்குப் பிறகும் உள்ளங்கால் குளிர்ந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் வாய்க் கைப்புப் போய்விட்டது. ஏன் ஒன்று போய் மற்றது நின்றது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

பின்னேரம் இவர் வந்தார். விறாந்தைக் கடைசியில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றோம்.

“என்ன செய்தவை?”

“கோடு கீறினவை.”

“எங்கை?”

ஒப்பரேஷன் முடிந்து அத்தனை நாளாகியும் அந்த இடத்தை அவர் பார்த்ததில்லை. நான் காட்டவில்லை, அவரும் கேட்கவில்லை. இரவில் அறைக்குள் விளக்கை நூர்த்த பிறகுதான் சட்டை மாற்றுவேன். நானாவும் நேர்ஸ் மிஸ்ஸிமாரும் டொக்டர்மாரும் பார்த்துவிட்டார்கள், என் மனுசன் மட்டும் பார்க்கவில்லை. அந்த விறாந்தையில் அதை நினைத்தபோது எனக்கே அது விசித்திரமாகப் பட்டது. நான் அங்குமிங்கும் பார்த்துவிட்டுச் சீலையை விலக்கி, சட்டையின் மேல் கொழுக்கிகளைக் கழற்றிக் காட்டினேன்.

அவர் பார்த்தார். அவசரப்படாமல் பார்த்தார். கண் தழும்பில் நின்று, பிறகு ஊதாக் கோட்டில் மேலிருந்து கீழே வந்தது.

“நேராக் கீறியிருக்கிறாங்கள்,” என்றார்.

“ஓம்,” என்றேன்.

கொழுக்கியைத் திரும்பப் போட ஒரு கை போதவில்லை, மற்றக் கை சீலையைப் பிடித்திருந்தது. அவர் போட்டுவிட்டார். கீழிருந்து மேலே போட்டதால் ஒன்று மாறிப் போய்விட்டது. வார்ட்டுக்கு வந்துதான் கண்டேன். அன்று இரவு முழுக்க அதை அப்படியே விட்டேன்.

முறை வந்த நாள் காலை, பக்கத்துக் கட்டிலில் ஆள் இல்லை. போர்வை மடித்து வைத்திருந்தது. மலைநாட்டுப் பெண் தன் துணி மூட்டையோடு வாசல் கேற்றடியில் நிற்கிறாள் என்று யாரோ சொன்னார்கள். நான் போனேன். காவல்காரன் வெளியே விடவில்லை, அவள் மதில் ஓரமாக மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு குந்தியிருந்தாள்.

“எங்கை போறீர்?”

“ஊருக்குப் போறேங்கக்கா. எனக்கு வேணாம்.”

“செத்துப் போவன் எண்டு பயமோ?”

“அதெல்லாம் இல்லீங்க. சாவுறதுன்னா எல்லாரும்தான் சாவுறோம்.”

“சுடுமெண்டோ?”

இல்லை என்று தலையை ஆட்டினாள். எனக்கு உண்மையாகவே அறியவேண்டும் போல இருந்தது. பக்கத்தில் நானும் குந்தினேன். “அப்ப என்னெண்டு சொல்லும். நான் ஒருத்தருக்கும் சொல்லமாட்டன்.”

கொஞ்ச நேரம் மூட்டையின் முடிச்சை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினாள். பிறகு சொன்னாள். “அந்த ரூமுல தனியா விட்டு, அம்மாம் பெரிய கதவ மூடுறாங்களாமில்ல. நாங்க லயத்துல ஒரு காம்பராவுல எட்டுப் பேரு இருக்கோம். மலைக்குப் போனாலும் கூட ஆளு இருக்கும். நான் பொறந்ததுலருந்து ஒரு ரூமுக்குள்ள தனியா இருந்ததே இல்லீங்க.”

இத்தனை நாளும் எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே பயம் என்றுதான் நினைத்திருந்தேன். எனக்குக் கதிர் பயம். அவளுக்குக் கதிரைப் பற்றி ஒரு கவலையும் இல்லை, கதவுதான் பயம். அந்தக் கதவைப் பற்றி நான் ஒருநாளும் யோசித்ததே இல்லை. ஆறு சகோதரங்களோடு வளர்ந்த எனக்கு, தனியாக ஒரு அறை என்றால் ஆசைதான்.

அவளைக் கூட்டிக்கொண்டு நானாவிடம் போய் விஷயத்தைச் சொன்னேன். அவர் யோசித்தார். மெசின் அறைக்கு வெளியே, அவர்கள் நிற்கிற இடத்தில், சுவரில் தடித்த கண்ணாடி ஒன்று இருந்தது. அதற்குள்ளால் உள்ளே இருக்கிற ஆளைப் பார்க்கலாம். கதிர் அந்தக் கண்ணாடியைத் தாண்டி வராது. “வெளியாக்கள விடுறதில்ல,” என்றார். “இண்டைக்கு மட்டும் நீங்க இதுக்குள்ளால பாத்துக்கிட்டு நில்லுங்க. அவவுக்கு ஒங்கட முகம் தெரியும்.”

அவளை உள்ளே படுக்க வைத்தார்கள். தலையைக் கண்ணாடிப் பக்கம் திருப்பி வைக்கச் சொன்னார். கதவு மூடியது. நான் கண்ணாடியில் நெற்றி முட்ட நின்றேன். அவளுக்காகத்தான் நின்றேன், அதில் பொய்யில்லை. ஆனால் என் கண் அவளை விட்டுவிட்டு மெசினைத்தான் பார்த்தது. ஏதாவது வெளிச்சம் வருகிறதா, நெஞ்சில் ஒரு புள்ளியாவது கறுக்கிறதா, ஒரு நூல் புகையாவது எழும்புகிறதா? ஒன்றுமில்லை. ஒரு கட்டில், ஒரு பெரிய இரும்புத் தலை, அதன் கீழே ஒரு மனுசி. அவளுடைய பெருவிரல் மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. நான் மெசினைப் பார்ப்பதை அவள் கண்டிருக்கவேண்டும், கண்ணை அகல விரித்தாள். உடனே திரும்ப அவளைப் பார்த்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை, ஆனால் கண்ணை எடுக்கவுமில்லை. கதவு திறந்தது. எழும்பி வந்தாள். “அவ்வளவுதானுங்களா?” என்று நானாவைக் கேட்டாள்.

அடுத்தது நான். தாலிக்கொடி கோட்டுக்குள் விழுகிறது, கழற்றுங்கள், இல்லாவிட்டால் முதுகுப் பக்கம் தள்ளிவிடுங்கள் என்றார்கள். ஒப்பரேஷனின்போது நான் மயக்கத்தில் இருந்தேன், மிஸ்ஸி கழற்றிக் கையில் சுற்றிக் கட்டியிருந்தா. இப்போது நானே கழற்றவேண்டும். முதுகுக்குத் தள்ளினால் படுக்கும்போது குத்தும். இவர் அன்று காலையிலேயே வந்து வெளியே நீள வாங்கில் உட்கார்ந்திருந்தார். கழற்றிக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். இரண்டு கையாலும் வாங்கினார். வைக்க இடம் தெரியாமல், சேட் பொக்கற்றைத் தொட்டுப் பார்த்துவிட்டு, கையிலேயே பொத்திக்கொண்டார். “கெதியா வாரும்,” என்றார், நான் ஏதோ சந்தைக்குப் போகிற மாதிரி.

படுத்தேன். கதவு மூடிற்று. உள்ளே ஒரு மெல்லிய இரைச்சல் இருந்தது. எங்கேயோ ஏதோ திறந்தது போல ஒரு சின்னச் சத்தம் கேட்டது. மூக்கால் இழுத்துப் பார்த்தேன், பினைல் வாசம்தான். தோலில் ஏதாவது தெரிகிறதா என்று முழு மனதையும் அந்தக் கோட்டுக்குள் கொண்டுபோய் வைத்தேன். ஒரு எறும்பு ஊர்ந்தால்கூடத் தெரிந்திருக்கும். ஒன்றும் ஊரவில்லை. எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. கதவு திறந்தபோது எனக்கு ஒரு சின்ன ஏமாற்றம் வந்ததை நான் மறைக்கப் போவதில்லை. அத்தனை நாளும் பயந்ததற்கு அது ஏதாவது செய்து காட்டியிருக்கலாம்.

வெளியே வந்து தாலியைப் போட்டுக்கொண்டு வாங்கில் இருந்ததும் அழுகை வந்தது. நிறுத்த ஏலவில்லை.

“நோகுதோ?” என்று இவர் கேட்டார்.

“இல்லை.”

“பிறகேன்?”

“தெரியேல்லை.”

மலைநாட்டுப் பெண் எதிர் வாங்கில் இருந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழும்பி வந்து என் மற்றப் பக்கத்தில் ஒட்டி இருந்தாள். அவளுடைய மூட்டையும் கூட வந்தது.

அதன்பிறகு ஒவ்வொரு நாளும் போய் வருவது பழகிவிட்டது. தோல் கறுத்து, வேர்க்குரு மாதிரி எழும்பி, உரிந்தது. களைப்பு வந்தது. சாப்பாடு பிடிக்கவில்லை. ஆனால் அவை காணக்கூடிய தொல்லைகள். அவற்றோடு எனக்குச் சண்டை இல்லை.

கடைசிக் கிழமையில் ஒருநாள் இவரிடம் கேட்டேன், “கடை இருந்த இடத்தைப் பாப்பமோ?”

“என்னத்துக்கு?”

“எனக்குப் பாக்கவேணும் போல கிடக்கு. நான் ஒருநாளும் வடிவாப் பாத்ததில்லை.”

அது உண்மை. கலியாணம் முடித்த புதிதில் ஒரே ஒருமுறைதான் போயிருந்தேன். அவர் மாட்டேன் என்றார். அடுத்த நாளும் மாட்டேன் என்றார். அதற்கடுத்த நாள், மிஸ்ஸியிடம் சொல்லிவிட்டு வாரும் என்றார். பஸ்ஸில் போனோம். இறங்கி நடக்கும்போது என் முழங்கையைப் பிடித்திருந்தார். அவர் எனக்காகப் பிடித்தாரா தனக்காகவா என்று கேட்கவில்லை.

இடம் வெறுமையாகக் கிடக்கும், கரி பிடித்த சுவர் நிற்கும் என்று நான் நினைத்திருந்தேன். அங்கே புதிதாக வெள்ளையடித்த ஒரு கடை இருந்தது. மெத்தையும் தலையணையும் விற்றார்கள். நாங்கள் எதிர்ப்பக்கத்தில் நின்றோம். ஒருவர் வெளியே வந்து தலையணை ஒன்றைத் தட்டி வெயிலில் வைத்தார். எங்களைப் பார்த்தார், வாங்க வந்தவர்கள் என்று நினைத்தாரோ என்னவோ, கையைக் காட்டிக் கூப்பிட்டார். இவர் இல்லை என்று தலையை ஆட்டினார்.

“எந்த இடத்திலை இருந்து கணக்குப் பாப்பியள்?” என்று கேட்டேன்.

“அந்தத் தலையணை அடுக்கின இடம்.” பிறகு கையை உயர்த்திப் பக்கத்து வீட்டுக் கூரையைக் காட்டினார். “உதுதான் பரண்.”

நான் அதைத்தான் கனநேரம் பார்த்தேன். ஒரு மனுசன் நிமிர்ந்து இருக்க ஏலாத உயரம். அந்த வீட்டு மனிதரைப் போய்ப் பார்ப்போமா என்று கேட்டேன். அந்த வீடு பூட்டியிருந்தது. பக்கத்தில் விசாரித்தார். மகளின் ஊருக்குப் போய்விட்டார்களாம். இவர் அந்தப் படலைக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். அதன்பிறகு திரும்பி வரும்போது என் முழங்கையை விட்டுவிட்டார். ஒரு தேத்தண்ணிக் கடையில் நின்று, சிங்களத்தில் இரண்டு தேத்தண்ணி சொன்னார்.

ஊருக்கு வந்த அன்று மகள் கிட்ட வராமல் தள்ளி நின்றாள். பள்ளிக்கூடத்தில் யாரோ என்னமோ சொல்லியிருக்கிறார்கள். அம்மா அவளைத் தள்ளிவிட்டும் வரவில்லை. பொழுது பட்டு அம்மா லாம்பு கொளுத்தி வைத்த பிறகு மெல்லக் கதவடிக்கு வந்தாள்.

“அம்மா, உங்களுக்குள்ளை லைற் போட்டவையாமோ?”

“ஓம். ஒரு விதமான லைற்.”

“இப்பவும் எரியுதோ?”

“எனக்குத் தெரியேல்லை. நூத்துப்போட்டுப் பாப்பமோ?”

அவளே போய் லாம்பை ஊதினாள். நான் சட்டையைத் திறந்து கட்டிலில் இருந்தேன். அறை நல்ல இருட்டு. அவள் கிட்ட வந்து பார்த்தாள், பிறகு இன்னும் கிட்ட வந்தாள். அவளுடைய மூச்சு என் நெஞ்சில் பட்டது. விரலால் ஒருக்கால் தொட்டாள். தோல் உரிந்த இடம், நொந்தது. நான் பேசாமல் இருந்தேன்.

“எரியேல்லை,” என்றாள். கொஞ்சம் கவலைப்பட்ட மாதிரித்தான் சொன்னாள். பிறகு என் மடியில் ஏறி இருந்துகொண்டு, அன்று பள்ளிக்கூடத்தில் நடந்த ஏதோ ஒரு சண்டையைப் பற்றிச் சொல்லத் தொடங்கினாள். இருட்டிலேயே முழுக்கக் கேட்டேன்.

அந்த நோய் எனக்குத் திரும்பி வரவில்லை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் சண்டையால் தீவை விட்டு எல்லோரும் வெளிக்கிட்டபோது நாங்களும் வெளிக்கிட்டோம். மலைநாட்டுப் பெண்ணை நான் பிறகு காணவில்லை. அவள் எனக்கு முதலே முடித்துக்கொண்டு போய்விட்டாள். போகிற அன்று, கடைசிச் சில முறை தான் கண்ணாடிப் பக்கம் தலையைத் திருப்பவில்லை என்றும், கதவு மூடினதும் உள்ளே நல்ல அமைதியாக இருந்தது என்றும், தான் கொஞ்சம் கண்ணயர்ந்துகூடப் போனதாகவும் வெட்கத்தோடு சொன்னாள்.